முட்டிக்குள் அறுந்தது

“நடக்கறே, சமைக்கறே, சண்டையும் போடறே, இதுல முட்டில என்ன கிழிஞ்சிருக்கப் போறது?” என்றார் என் கணவர், எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கும் சகோதரிகளே, நோயாளியாக இருப்பதும் ஓர் உத்தியோகம்தான். லீவு கிடையாது, மேலதிகாரிகள் மட்டும் வீடு நிறைய.

ஆரியசாலைக் கடைத்தெருவில்

பருப்பு வாங்கிக்கொண்டு வரும்போது மூட்டை வண்டிக்கு ஒதுங்கினேன். பாதம் சாக்கடை மூடியின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பியது, முட்டி திரும்பவில்லை. உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம். சாயங்காலத்துக்குள் முட்டி பூசணிக்காய். வீக்கம் வடிந்த பிறகும், சட்டென்று திரும்பினால் கால் நழுவியது. எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எலும்பைக் கட்டி வைத்திருக்கும் லிகமென்ட் தெரியாது என்பதை அப்போது யார் கண்டது? வண்டிக்காரர் மட்டும் அன்றைக்கே மலையாளம் கலந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார். “வண்டி தொடவே இல்ல கேட்டோ, சேச்சி!”

விறைப்பு

எலும்பு டாக்டர் சின்னப் பெண். ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கெண்டைக்காலை முன்னால் இழுத்தாள். லிகமென்ட் அறுந்திருந்தால் கால் வழுக்கி வருமாம். வரவில்லை. “லூஸா விடுங்க மாமி” என்றாள். கான்வென்ட்டில் பத்து வருஷம் நிமிர்ந்து உட்காரத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நான் இன்னும் விறைத்தேன். என் கணவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். “நான் அப்பவே சொன்னேனே, ஒண்ணுமில்லேன்னு!”

தளர்ச்சி

டாக்டர் விடவில்லை. காலைப் பிடித்தபடியே, “சார் வீட்ல என்ன ஹெல்ப் செய்வார், மாமி?” என்று கேட்டாள்.

கேட்கலாமா அந்தக் கேள்வியை? தோசை மாவில் ஆரம்பித்தேன். காஸ் சிலிண்டர், மொட்டைமாடித் துணி எல்லாம் தாண்டி பாத்ரூம் பல்புக்கு வந்தபோது, என்னை அறியாமல் கால் தளர்ந்து கெண்டைக்கால் வழுக்கென்று முன்னால் வந்துவிட்டது. பிறகு எடுத்த ஸ்கேனிலும் அதேதான்: லிகமென்ட் முழுசாக அறுந்திருந்தது. டாக்டர் என் கணவரைப் பார்த்தாள். “சாரே, மாமி சொன்னதெல்லாம் சரியாக்கும்.”

மூன்று மாதம்

உடனே ஆபரேஷன் வேண்டாம், மூன்று மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம். தொடை வலுத்தால் முட்டியைத் தாங்கிவிடும். கால் நழுவிக்கொண்டே இருந்தால் கத்திதான் என்றார்கள். எனக்குக் கத்தி என்றால் பயம். அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

இப்போது நல்ல காலைத் தூக்கிக்கொண்டு கெட்ட காலில் நிற்கும் பயிற்சி. பிசியோதெரபிக்காரப் பெண் என் கணவரையும் மகளையும் நிற்கவைத்துச் சொன்னாள்: “பக்கத்துல ஒருத்தர் கட்டாயம் நிக்கணும்.” இருவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

அறுந்த லிகமென்ட்டைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் போதும், பக்கத்தில் நிற்க ஓர் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வைத்தியம். இன்று காலை சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு மூன்றாவது தடவையாகக் கூப்பிட்டேன்:

“ஏன்னா, கொஞ்சம் இங்கே வந்து நில்லுங்கோளேன்!”