பிள்ளையாரை எங்கே வைப்பது?

இன்று காலை மேலகரத்தில் கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருந்தேன். என் சமையல் வலைப்பூவைத் திறப்பவர்கள் பாதியிலேயே ஓடிவிடுகிறார்கள், அதை மாற்றி அமைக்க ஒரு யோசனை சொல் என்று கடைக்காரப் பெண் செல்வியிடம் கேட்டேன்.

"அத்தை, மொதல்ல இந்தப் பிள்ளையார் படத்தக் கீழ எறக்குங்க. போன்ல தொறந்தா பூரா அவருதான் இருக்காரு."

"ஏட்டி, பிள்ளையார் இல்லாம நான் எதத் தொடங்கியிருக்கேன்?"

"அது சரி. ஆனா வாரவுக எல்லாரும் அவர வெரலால மேல தள்ளிட்டுதான சொதிக் கொழம்புக் குறிப்புக்கே வருதாவ?"

அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மேலே வைத்தால் தள்ளுகிறீர்கள். கீழே வைத்தால் அவர் வரைக்கும் யாரும் வரப்போவதில்லை. எங்கே வைக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இத்தனை நாள் தள்ளியவர்கள் மட்டும் ஒரு தோப்புக்கரணம் போட்டுவிட்டுப் பதில் எழுதவும்.