லயலிடம் மறைத்தது

மிண்டாலி என்ற அந்தச் சிற்றூரில் தீயணைப்புச் சங்கு ஊதினால் மற்றவர்கள் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். லயல் நோஸ்கே தான் ஓட்டும் கிரேடர் வண்டியை நடுரோட்டிலேயே நிறுத்திவிட்டு மனைவிக்குப் போன் அடிப்பான். "எங்க இருக்க?" என்பான். ரேலீன் இருக்கும் இடத்தைச் சொல்வாள். "சரி" என்று வைத்துவிடுவான். வயிற்றில் இறுகியிருந்தது கொஞ்சம் தளரும். அடுத்த வளைவு வருவதற்குள் மறுபடி இறுகிவிடும். இந்நேரம் அவள் அங்கிருந்து கிளம்பியிருப்பாளே.

மாவட்டக் கவுன்சிலுக்காக மண்சாலைகளைச் செதுக்கிச் சமப்படுத்துவது அவன் வேலை. கோதுமை வயல்களுக்கு நடுவே நாளெல்லாம் தனியாக, ஆள் நடக்கிற வேகத்தில் கிரேடர் ஓட்டவேண்டும். கைகால்களுக்கு வேலை இருக்கும். மனசு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற மனசு எதையாவது மேயாமல் இருக்குமா? ரேலீன் பண்ணை பண்ணையாகப் போய் வயதானவர்களுக்குப் புண் கட்டி, இன்சுலின் போட்டுவிட்டு வரும் நர்ஸ். பொழுது சாய்கிற நேரத்தில் கங்காரு குறுக்கே பாயாத சாலை அந்தப் பக்கம் கிடையாது. ஆகவே லயல் தினமும் அவளைக் கொன்றுகொண்டிருந்தான். கங்காருவில் மோதி ஒரு தடவை, கோதுமை லாரிக்கு அடியில் போய் ஒரு தடவை, ஆளில்லாத பண்ணையில் பாம்பு கடித்து ஒரு தடவை. ஒவ்வொரு சாவையும் கடைசிவரை பார்ப்பான். போலீஸ்காரர் வாசலில் தொப்பியைக் கழற்றுவது, மகள் கிரிலியிடம் எப்படிச் சொல்வது, சர்ச்சுக்கு எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்வது என்பது வரைக்கும்.

கவுன்சில் டிப்போவில் கூட வேலைபார்த்த நக்கெட்டுக்கு இது நல்ல தீனி. "என்ன மாப்ளே, பொண்டாட்டி இன்னும் உயிரோட இருக்காளா? பத்து நிமிஷமா போனே பண்ணலையே நீ!" லயலும் சேர்ந்து சிரிப்பான். சிரிக்கிறபோதும் உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டிருப்பான். கடித்துக் கடித்துக் கடைவாய்ப் பல் ஒன்று பிளந்தே போயிருந்தது.

இப்படி ஆவதற்கு அவன் வாழ்க்கையில் பெரிதாக எதுவும் நடந்துவிடவில்லை. சின்னப் பிள்ளையிலேயே அம்மா கடைக்குப் போனால் ஜன்னலைவிட்டு நகராதவன். பெரியவனானபோது ஜன்னலும் கூடவே பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான். நெஞ்சை அடைக்கிறது என்று இரண்டு முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினான். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "உங்க இதயம் எருது மாதிரி இருக்கு, லயல். உங்களுக்கு இருக்கிறது கவலை நோய். அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க, போய்ப் பேசுங்க" என்றார். டாக்டர் தன்னைப் பைத்தியம் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு லயல் அந்தப் பக்கமே போவதை விட்டான்.

ஒரு நாள் ரேலீன் வேலை முடிந்து வந்ததும் பையைச் சமையலறை மேஜையில் போட்டாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வெர்ன் கிழவர் இன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்துல என் பாக்கெட்ல போன் விடாம துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. போற உயிரு கண்ணைத் திறந்து, 'எடும்மா, உன் புருஷனாத்தான் இருக்கும்'ங்குது. கூனிக்குறுகிப் போயிட்டேன், லயல்."

"பயமா இருந்துச்சு, ரே."

"உனக்குப் பயம். உன் பயத்துக்கு நான் வேலைக்காரி. நீ எங்கேன்னா நான் இங்கேங்கணும், நீ இருக்கியான்னா நான் இருக்கேன்ங்கணும். இனிமே என்னால ஆகாது. சுகாதார நிலையத்துக்கு வர்ற அந்தப் பொண்ணைப் போய்ப் பாரு. இல்லேன்னா நான் கிரிலி வீட்டுக்குப் போயிடறேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் போயிருக்க மாட்டான்.

அந்தப் பொண்ணு என்பது மனநல ஆலோசகர் வூலா. பதினைந்து நாளைக்கு ஒருமுறை போர்ட் லிங்கனிலிருந்து காரில் வருவாள். தனி அறை கிடையாது. குழந்தைகளுக்கு எடை பார்க்கும் அறையில்தான் உட்காருவாள். சுவரில் வாத்துப் படங்கள். லயல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அந்த வாத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க கவலைப்படறதை இன்னிக்கே விட்டுட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள் வூலா.

தொப்பியின் விளிம்பைத் திருகினான். பிறகு முகம் சிவக்கச் சொன்னான்: "சிரிக்காதீங்க. நான் யோசிச்சுக்கிட்டே இருக்கிற வரைக்கும்தான் அவளுக்கு ஒண்ணும் ஆகாது."

வூலா சிரிக்கவில்லை. "எங்க பக்கத்து வீட்டுல ஒரு நாய் இருக்கு. தெருவுல போற ஒவ்வொரு காரையும் குரைச்சு விரட்டும். காரும் போயிடும். தான் விரட்டித்தான் போச்சுங்கிறதுல அந்த நாய்க்குச் சந்தேகமே கிடையாது."

"அப்ப நான் நாயா?"

"தொண்டை கட்டிப்போன நாய்."

அதற்கு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்காகவே மறுமுறையும் போனான்.

அவள் அவனை ஒரேயடியாக எதையும் விடச் சொல்லவில்லை. போனுக்குக் கை போகிறபோதெல்லாம், "அவ பத்திரமா இருக்காளான்னு இந்த நிமிஷம் எனக்குத் தெரியாது" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லிவிட்டு வண்டியை ஓட்டவேண்டும். வந்த கவலையைச் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தள்ளிவைத்து, அப்போது அரை மணி உட்கார்ந்து ஆசைதீரக் கவலைப்படவேண்டும்.

"கவலைக்கு அப்பாயின்ட்மென்ட்டா?" என்றான் லயல்.

"ஆமா. இப்ப அது நினைச்ச நேரத்துக்கு உங்க வீட்டுக்குள்ள வருது. இனிமே நீங்க கூப்பிடற நேரத்துக்கு வரட்டும்."

முதல் வாரம் நரகம். உள்ளங்கை வேர்த்து ஸ்டீரிங் வழுக்கியது. செதுக்கிய சாலையை வந்து பார்த்த நக்கெட், "இது ரோடா மாப்ளே, இல்ல பாம்பு போன தடமா?" என்றான். சாயங்காலம் கொட்டகைக்குப் பின்னால் ஒரு டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, காலையில் தள்ளிவைத்ததையெல்லாம் கூப்பிட்டுப் பார்த்தான். பாதிக் கவலைகள் வரவே இல்லை. வந்தவையும் காலையில் இருந்த முறுக்கு இல்லாமல், ஏதோ வந்து நின்றோம் என்று நின்றன.

குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. சில நாள் தோற்றான். கழிப்பறைக்குள் ஒளிந்துகொண்டு போன் செய்தான். அதையும் வூலாவிடம் சொன்னான். மெல்ல மெல்லத் தாடை தளர்ந்தது. வசந்தம் வந்ததும் காருக்குப் பின்னால் கேரவன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு கடலோரத்துக் காஃபின் பே போனார்கள். ரேலீன் கடலில் வெகுதூரம் நீந்தினாள். அவன் கரையில் உட்கார்ந்து, தெரியாது, தெரியாது என்று முணுமுணுத்தபடி மீன் பொரித்தான். சாப்பிடும்போது அவள் அவனை உற்றுப் பார்த்து, "நீ இன்னிக்கு இங்கதான் இருக்க போலிருக்கே" என்றாள். அவன் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள்.

அறுவடை தொடங்கிய வாரம். அன்று ரேலீனுக்கு விடுமுறை. வீட்டில்தான் இருந்தாள். காலையில் வடக்குச் சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது லயலின் கை போனுக்குப் போனது. வழக்கமான பயம்தான், விசேஷமாக ஒன்றுமில்லை. "எனக்குத் தெரியாது" என்று சொன்னான். போனைத் திரும்ப வைத்தான். தன்னைத் தானே மெச்சிக்கொண்டான்கூட.

பிற்பகலில் வீட்டுக்கு வந்தபோது அவள் துணி துவைக்கும் அறைத் தரையில் கிடந்தாள். ஒரு காலில் செருப்பு இல்லை. உடம்பு சில்லிட்டிருந்தது. அத்தனை வருஷமாக அத்தனை சாவுகளை ஒத்திகை பார்த்தவனுக்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை. ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். ஆம்புலன்ஸ் வந்தபோது கொல்லையில் ஈரத் துணிகளைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். சில நிமிஷங்களில் முடிந்திருக்கும், யார் போன் செய்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். லயல் தலையாட்டினான். காதில் ஒன்றும் விழவில்லை. நான் காவலை விட்டேன், அவள் போய்விட்டாள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

சாவுக்குப் பிறகு வூலா கூப்பிட்டாள். "நீங்க சொல்லித்தான் நான் போன் பண்ணல" என்றான். அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

பழைய கவலை இரண்டு மடங்காகத் திரும்பி வந்து கிரிலியின்மேல் உட்கார்ந்தது. கிரிலி வயாலாவில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள்; வயிற்றில் நான்கு மாதக் குழந்தை. லயல் அவள் போனுக்கு அடித்தான், எடுக்காவிட்டால் அலுவலகத்துக்கு அடித்தான், அங்கேயும் இல்லை என்றால் மருமகனுக்கு. ஒரு சனிக்கிழமை காலை அவள் குப்பைத் தொட்டியை வெளியே வைக்க வந்தபோது, தெருவுக்கு எதிர்ப்புறம் அப்பாவின் வண்டி நிற்பதைப் பார்த்தாள். சீட்டில் போர்வை, காலி காபிக் கோப்பைகள். சவரம் செய்து வெகுநாளான முகம்.

அவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா வர்றீங்கப்பா?"

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"மூணு மணி நேரம் வண்டி ஓட்டிக்கிட்டு சும்மா வந்தீங்களா?" கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாகத் தன் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். அம்மாவுக்கு ஒரு மாசமாத் தலைவலி இருந்துச்சு. சாதாரணத் தலைவலி இல்ல, வாந்தி வர்ற அளவுக்கு."

லயல் திரும்பினான். "என்கிட்ட சொல்லலையே."

"ஆமா, சொல்லல. ஏன் சொல்லலேன்னு நினைக்கிறீங்க? டாக்டரைப் பாருங்கன்னு நான் சண்டையே போட்டேன். 'ஸ்கேனு அது இதுன்னு போனா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும், இப்பத்தான் மனுஷன் கொஞ்சம் தேறி வர்றார், அறுவடை நேரத்து ரோடு வேலை முடியட்டும்'னு சொல்லிட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் உங்ககிட்ட எல்லாத்தையும் மறைச்சோம்பா. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப மரத்திலேருந்து விழுந்தது, அம்மா கார் பள்ளத்துல இறங்கினது, எல்லாத்தையும். உங்க பயத்தைப் பார்த்துப் பயந்தே நாங்க வாழ்ந்தோம்." அவள் அழவில்லை. "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னாலும் இப்படித்தான் மறைப்பேன். உங்களுக்கு அதுதான் வேணுமா?"

லயல் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. டிப்போவுக்குப் போகவில்லை. நக்கெட் பார்க்க வந்தான். ஒரு கிண்டலும் செய்யவில்லை. அடுப்படியில் குவிந்துகிடந்த பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை அந்தப் பொண்ணு வருதாம். நானே கொண்டுபோய் விடறேன், வா மாப்ளே" என்றான்.

வாத்துப் படங்களின் கீழே லயல் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்து, "கவலைப்பட்டதால செத்தாளா, கவலையை விட்டதால செத்தாளா? நீங்களே சொல்லுங்க" என்றான். அதட்டிக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

வூலாவின் முகம் வெளுத்துப்போயிருந்தது. "ரத்தக்குழாய் வெடிச்சு இறந்தாங்க. முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருந்தா பிழைச்சிருப்பாங்களான்னு கேட்டா, எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. உங்களைச் சமாதானப்படுத்தறதுக்காக நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணும் நடக்காதுன்னு நான் உங்களுக்கு எப்பவும் சொன்னதில்ல, லயல்."

"தெரியும். ஆனா நான் அப்படித்தான் கேட்டுக்கிட்டேன்."

அதைச் சொன்னபிறகுதான் அவன் அழுதான். ரேலீனை அடக்கம் செய்த நாளில்கூட அழாதவன்.

அந்தக் கோடையில் அவள் செய்யச் சொன்னது முன்பைவிடக் கடினமாக இருந்தது. கிரிலிக்காகப் பதறுகிற நேரமெல்லாம் ரேலீன் இல்லாத வீட்டைப் பார்க்காமல் இருக்க வழி கிடைக்கிறது என்பதை அவனே ஒருநாள் கண்டுபிடித்தான். பதற்றம் ஒரு போர்வை மாதிரி. அதை இழுத்துப் போர்த்திக்கொண்டால் துக்கத்தின் குளிர் உறைக்காது. போர்வையை விலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிரில் உட்காரவேண்டும். துணி துவைக்கும் அறைக்குள் போகவேண்டும். போனான். முதல் நாள் வாசற்படியோடு திரும்பினான். மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் செய்வதாகச் சொன்னான். பெரும்பாலும் அதைக் காப்பாற்றினான். தவறினால், "தவறிட்டேன், கிரிலி" என்று அவளிடமே சொன்னான்.

குற்ற உணர்வு போகவில்லை. அது போகும் என்று வூலாவும் சொல்லவில்லை.

குளிர்காலத் தொடக்கத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல், கிரேடரில் இருந்தபோது கிரிலியே கூப்பிட்டாள். குழந்தை பிறந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

"அப்பா, உட்கார்ந்திருக்கீங்களா?"

"வண்டியிலதான். நிறுத்திட்டேன். சொல்லு."

"பாப்பாவுக்கு இதயத்துல ஓட்டை இருக்காம். அடிலெய்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறோம். ஆபரேஷன் பண்ணணுமாம். முதல்ல உங்களுக்குத்தான் சொல்றேன்."

மனசுக்குள் என்னென்னவோ படங்கள் மடமடவென்று ஓடத் தொடங்கின. அவை பாட்டுக்கு ஓடட்டும் என்று விட்டுவிட்டு லயல் கேட்டான்: "நீ சாப்பிட்டியா? பக்கத்துல யாரு இருக்கா?"

"இவர் இருக்கார். சாப்பிடலப்பா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தாம்மா. நீ சொல்லு, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அவள் வெகுநேரம் பேசினாள். டாக்டர் சொன்னது, தனக்குப் புரியாதது, அம்மா இருந்தால் என்ன கேட்டிருப்பாள் என்பது எல்லாம். அவன் ஒரு தடவைகூட, ஒண்ணும் ஆகாது என்று சொல்லவில்லை. போனை வைத்தபின் கிரேடரிலிருந்து இறங்கி, சாலையோரம் வாந்தி எடுத்தான். வாய் கொப்பளித்துவிட்டு நக்கெட்டைக் கூப்பிட்டு, மீதிச் சாலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

குழந்தைக்கு இரண்டு ஆபரேஷன் முடிந்தது. மூன்றாவது ஒன்று வேண்டியிருக்கும் என்கிறார்கள், எப்போது என்று தெரியவில்லை. லயல் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டே விழிக்கிற காலைகள் உண்டு. வூலாவை மாதம் ஒருமுறை பார்க்கிறான். குழந்தை ராத்திரி அதிகமாக இருமினாலோ, நகம் நீலமாகத் தெரிந்தாலோ, கிரிலி விடிந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுகிறாள்.