டீக்கால் மேஜையில் இரண்டு பேர்

மணவாள நகர் கடையில் வாங்கிய பபிள்கத்தோடு ஒரு படம் இலவசமாக வந்தது. என் மகள் அதை மணிக்கட்டில் வைத்து, ஈரத்துணியால் அழுத்தி, தாளை உரித்தாள். பட்டாம்பூச்சி கையில் ஒட்டிக்கொண்டது. தோலுக்கு ஆகுமோ ஆகாதோ என்று எனக்குச் சந்தேகம். எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? காய்கறி வாங்கப் போனாலும் என் கண் தராசு முள்ளில்தான் இருக்கும்.

"இதுக்குப் பேரு டீக்கால்" என்றேன். அவள் நம்பாமல் கைப்பேசியில் தேடினாள். இந்தக் குணம் என்னிடமிருந்து வந்ததுதான், வேறென்ன சொல்ல. பிரெஞ்சுக்காரர்களின் சொல்லாம். தாளில் இருக்கும் படத்தை அழுத்தி வேறொன்றில் இறக்குவது என்று பொருளாம். ஒரு காலத்தில் ஜனங்கள் கண்டதிலும் படம் ஒட்டித் திரிந்ததால் 'பித்து' என்ற வால் சேர்ந்து நீண்டு, பிறகு வால் நறுக்கப்பட்டு டீக்கால் ஆனதாம். ஆறு வருஷம் அந்தச் சொல்லால் சோறு தின்றவள் நான். அது எந்த ஊர்ச் சொல் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஒரு ஹெல்மெட் கம்பெனி. மேஜைக்கு இரண்டு பெண்கள், நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டு. டீக்காலை நனைத்தால் படம் தாளை விட்டு வழுக்கும். ஹெல்மெட்டில் அதை இறக்கி, ரப்பர் துண்டால் தண்ணீரைத் தள்ள வேண்டும். வெறும் தாள் கீழே வாளிக்குப் போகும். நல்ல டீக்கால் வெளியே போனால் போலி ஹெல்மெட்டில் ஏறிவிடுமே! அதனால் ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் வாளித் தாள்களை எண்ணுவார். கொடுத்த டீக்காலும் திரும்பிய தாளும் ஒத்துப்போக வேண்டும்.

என் மேஜையில் எஸ்தர். ஊத்துக்கோட்டைப் பக்கம், காண்ட்ராக்ட் வேலை. கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தால் பாதி எனக்குத்தான். அந்த வாசனை வந்தால் இப்போதும் அவள் டப்பாவைத் திறக்கிற மாதிரி இருக்கும்.

புதுக் கட்டு டீக்கால் வந்த வாரம் எங்கள் வாளியில் தினமும் இரண்டு மூன்று தாள் குறைந்தது. "உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர்தான்" என்றார் சூப்பர்வைசர். நான் எடுக்கவில்லை. அப்படியென்றால்? நீங்களாக இருந்தாலும் அதைத்தானே நினைத்திருப்பீர்கள்.

அவள் பாத்ரூம் போனால் கடிகாரம் பார்த்தேன். முந்தானையைச் சரிசெய்தால் கண் அங்கே போனது. அவள் அக்கா புருஷன் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர் என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அதைச் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். குரலை வேறு தாழ்த்திக்கொண்டேன், பெரிய துப்பறியும் புலி.

மறுநாள் கேட்டிலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அக்கா, நீ பக்கத்துலயே குந்திகினு இருந்தியே. நான் எடுத்து நீ பாத்தியா? சொல்லுக்கா!"

பார்க்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். "எனக்கு இன்னா தெரியும்?" என்று உள்ளே போய்விட்டேன்.

அன்று மேஜையில் நான் மட்டும். சாயந்திரம் எண்ணியபோது மூன்று தாள் குறைந்தது.

வாளியைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு தாளாக நகத்தால் கீறினேன். புதுக் கட்டில் பசை அதிகம். ஈரத்தில் தாளோடு தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு ஒன்றாகத் தெரிந்திருக்கிறது. மூன்றும் அங்கேயே இருந்தன.

"இனிமே காய வச்சு எண்ணலாம்" என்றார் சூப்பர்வைசர்.

"எஸ்தரக் கூப்டலாமா சார்?"

"வேற ஆளு சொல்லியாச்சும்மா. பேஜாரு பண்ணாத."

நான் பேஜார் பண்ணவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது அங்கே மிஷினே படத்தை நேராக அச்சடித்துவிடுகிறதாம். தண்ணீர்த் தட்டு கிடையாது, வாளி கிடையாது. மேஜைக்கு இரண்டு பேர் என்பதும் கிடையாது. போன மாதம் ஊத்துக்கோட்டை ஷேர் ஆட்டோவில் எஸ்தர் ஏறினாள். என்னை அடையாளம் தெரிந்தது அவள் கண்ணிலேயே தெரிந்தது.

"எஸ்தர், அன்னிக்கு நீ எடுக்கலன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"கொஞ்சம் நகுந்து குந்துங்க மேடம்" என்றாள்.