குங்குமம் வைத்த ஸ்பீக்கர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். நாலாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. ல, ள, ழ மூன்றோடும் எனக்கு இன்றுவரை தகராறுதான். தப்பு கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

எனக்கு வீடு தாராவியில், வேலை மாட்டுங்காவில். ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் விற்கும் கடை. முதலாளி சிந்திக்காரர், உல்லாஸ்நகரிலிருந்து தினமும் ரயிலில் வருவார். மாட்டுங்காவில் கடை போட்டதால் ஒரு மாதிரி தமிழ் பேசுவார். நாங்கள் சேட் என்போம். அவர் என்னை அண்ணா என்பார், என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருந்தும்.

நாலைந்து வருஷத்துக்கு முன் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த ஸ்டீரியோ செட் ஒன்றை வாங்கிக் கடை நடுவில் வைத்தார். இசைத்தட்டு ஓட்டும் பெட்டி ஒன்று, இடுப்பு உயரத்தில் ஸ்பீக்கர் இரண்டு. அதைத் துடைப்பதும் ஓட்டிக் காட்டுவதும் என் வேலை. அதற்கு முன்னால் தாராவியில் தோல் பதனிடும் தொட்டியில் நின்றவன் நான். சோப்புப் போட்டாலும் அந்த வாடை போகாது. இங்கே வந்த பிறகுதான் சாப்பிடும்போது என் கை எனக்கு மணத்தது.

செட்டோடு ஓர் இங்கிலீஷ் தட்டும் வந்தது. ஒரு ரயில் இடது பெட்டியில் கிளம்பி வலது பெட்டியில் போய் மறையும். நான் போட்டுக் காட்டினால் ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள். அப்புறம் ஒருவர் சொல்வார், "ரயில் சத்தம் கேக்கணும்னா நம்ம ஸ்டேஷன் பெஞ்சு போறாதோ?" கச்சேரித் தட்டு போட்டால் இரண்டிலும் ஒரே குரல்தான் வரும். "ஒரு பாகவதருக்கு எதுக்குப்பா ரெண்டு பெட்டி?" என்பார்கள். பதில் சொல்ல எனக்கு வாய் வராது. சிரித்துவிட்டுத் துடைக்க ஆரம்பிப்பேன்.

ஆனால் சாயங்காலமானால் கூட்டம் வந்துவிடும். ஆபீஸ் விட்டு, காய்கறிப் பையோடு நின்று, தொடையில் தாளம் போட்டு, "பேஷ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். சேட் கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். "அண்ணா, நாம கடை வச்சிருக்கோமா, சபா வச்சிருக்கோமா?"

கடைசியில் அவருக்குப் பொறுமை போயிற்று. செம்பூரில் இருந்த அவர் உறவுக்காரர் பாதி விலைக்குக் கேட்டார். தீபாவளிக்குள் வேறு ஆள் வாங்காவிட்டால் அவரிடம் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஃபேன் அடுக்கப் போவதாகச் சேட் சொன்னார். "ஃபேன் விக்க வாய் வேணும் அண்ணா. உனக்கு அது இல்லே." சொன்ன பிறகு அவரே வருத்தப்பட்டு எனக்கு டீ வரவழைத்தார். எனக்குத் தொட்டி வாடைதான் ஞாபகம் வந்தது.

தினமும் வருகிறவர்களில் ரயில்வேயில் ரிட்டயரான ஒருவர் உண்டு. எல்லோரும் மாமா என்பார்கள். மற்றவர்கள் போன பிறகும் நிற்பார்; செம்பூர்ப் பேச்சும் அவர் காதில் விழுந்திருந்தது. பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "வீட்டுக்குக் கொண்டாரட்டுமா சார்? நாலு நாள் வச்சுக் கேளுங்க" என்றேன். அந்தக் கடையில் நான் விற்பதற்காகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சேட்டும் சரி என்றார். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கைவண்டிக்காரர் ஒருவரை வைத்து ஏற்றிக்கொண்டு போனோம். மாமாவுக்குச் சந்தோஷம். மாமிக்கு இல்லை. பாட்டு கேட்கக் கட்டடமே திரண்டு வந்தது. வந்தவர்களுக்குக் காபி கொடுக்காமல் இருக்க முடியுமா? "இது பாடற பெட்டி இல்லே, காபிப்பொடி தின்கிற பெட்டி" என்று மாமி சொல்லிவிட்டாராம்.

நாலு நாள் தவணை முடிந்த அன்று சரஸ்வதி பூஜை. பூஜையன்று போய் எப்படிக் கேட்பது என்று சேட்டிடம் சொன்னேன். "பூஜை காலையிலே முடிஞ்சிடும், நாம சாயங்காலம் போறோம்" என்று அவரும் கூட வந்தார். வழியெல்லாம் கைவண்டிக்காரர் முனகல். "ஏத்துனதும் நாந்தான், எறக்குறதும் நாந்தானா அண்ணாச்சி? நடுவுல பாட்டு மட்டும் அவுகளுக்கா?"

உள்ளே மாமா சும்மா உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் படிக்கக் கூடாதே. பேப்பர் இல்லாமல் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை அவருக்கு.

"மாமி, டைம் ஆச்சு. வேணுமா வேண்டாமா?" என்றார் சேட்.

"வேண்டாம், எடுத்துண்டு போயிடுங்கோ. ஆனா நாளைக்குக் காலம்பற வாங்கோ. பூஜையில இருக்கறதை இன்னிக்கு நகர்த்தப்படாது."

அப்போதுதான் பார்த்தோம். சாமி படத்துக்கு முன்னால் புத்தக அடுக்கு, தையல் மிஷின், அதன் பக்கத்தில் எங்கள் செட். பெட்டி மூடிமேல் பட்டுத்துணி. இரண்டு ஸ்பீக்கருக்கும் சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு முழம் பூ.

சேட் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து கும்பிட்டார். "இது யார் வச்சது?"

"நான்தான்" என்றார் மாமி. குரல் இறங்கிவிட்டது. "எல்லாத்துக்கும் வச்சுண்டே வந்தேன். கை அதும்பாட்டுக்கு இதுக்கும் வச்சுடுத்து."

"பொட்டு வச்சு, பூ வச்சு உக்கார வச்சாச்சு" என்றார் மாமா கூரையைப் பார்த்து. "இனிமே வண்டியில ஏத்தி செம்பூருக்கு அனுப்பு."

"ஏன்னா, நீங்க சும்மா இருங்கோ."

"நான் தூக்கமாட்டேன் மாமி" என்றார் சேட். "தீவாளிக்கு நான் கல்லாப்பெட்டிக்கு வைக்கறேன். வச்ச பெட்டியை வெளியே அனுப்பினா எனக்குத் தூக்கம் வருமா?"

மாமி, வாசல்படிப் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார். "நீ சொல்லுப்பா. உங்காத்துல எப்படி?"

"எங்க வீட்டுல சைக்கிளுக்கு வைப்போம்மா. மறுநாள் ஒரு சுத்து ஓட்டிப் பாப்போம்."

"ஓட்டிட்டு?"

"வீட்டுக்குத்தான் கொண்டாருவோம்."

முதலில் சிரித்தது மாமிதான். அப்புறம் மாமா. சேட்டுக்குப் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் அவர்தான் சத்தமாகச் சிரித்தார்.

வெறும் வண்டியோடு திரும்பினோம். கைவண்டிக்காரர் கையில் ஒரு பொட்டலம் சுண்டல். அதற்குப் பிறகு அவர் முனகவில்லை. மறுநாள் காலை புனர்பூஜை முடிந்து மாமி தன் கையாலேயே தட்டு போட்டாராம். கேட்க வந்தவர்களுக்கு வாசலிலேயே நிபந்தனையும் சொல்லிவிட்டார்: பாட்டு எல்லா நாளும் உண்டு, காபி வெள்ளிக்கிழமை மட்டும்.

செட் விற்றுப் போன இடத்தில் ஃபேன் வரவில்லை. சேட் இன்னொரு செட் வரவழைத்தார். அடுத்த வருஷம் ஆடி மாசமே "அண்ணா, சரஸ்வதி எப்போ?" என்று கேட்க ஆரம்பித்தார். மாட்டுங்காக்காரர்கள் அவருக்கு மேலே. நவராத்திரியில் நாலு நாள் கேட்டுப் பார்க்கிறோம் என்று செட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பூஜையன்று மட்டும் போர்வை போட்டு மூடிப் படுக்கையறையில் தள்ளிவிடுவார்கள், கை தவறிப் பொட்டு பட்டுவிடக் கூடாதென்று. அதனால் இன்றைக்கும் ஒரு செட் விற்பதற்குள் உயிர் போகிறது. ஆனாலும் நான் அங்கேதான் இருக்கிறேன்.

நேற்று எங்கள் வீட்டில் சைக்கிளோடு என் பேனாவையும் வைத்துக் கும்பிட்டோம். வைத்த பேனாவை மறுநாள் எடுத்து ஏதாவது எழுத வேண்டும் என்றாள் என் மனைவி. பேரை மட்டும் எழுதிவிட்டு மூடலாம் என்றுதான் எடுத்தேன்.

தாராவி, விஜயதசமி, 1969.