அட்டவணையில் எதையும் விடாதவள்

எங்கள் கள்ளிக்குப்பம் வீட்டில் இரண்டு மருமகள்கள். நான் பெரியவள், கொழுந்தனார் மனைவி சின்னவள். இருவருமே நர்ஸ், ஆளுக்கொரு பெண் குழந்தை. இருவருக்கும் வெளிநாட்டு வேலைக்கு ஆசை வந்தது. மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேரும் பறந்துக்கினா புள்ளைங்கள யாரு பாக்கறது? எவ மொதல்ல பாஸ் பண்றாளோ அவ போட்டும். இன்னொருத்தி ஊட்டப் பாத்துக்கினு இருக்கட்டும்."

பாஸ் செய்ய வேண்டியது ஆங்கிலப் பரீட்சை. பேசுவதும் படிப்பதும் சமாளிக்கலாம், எழுதுவதில்தான் வினை. ஏதோ ஐந்து நாட்டுக்காரர்கள் எவ்வளவு மீன் தின்றார்கள், எவ்வளவு கோழி தின்றார்கள் என்று ஒரு அட்டவணை கொடுப்பார்கள். அதை இருபது நிமிடத்தில் வாக்கியமாக்க வேண்டும், அப்புறம் ஒரு கட்டுரை வேறு. எவனோ தின்ற கணக்கு எனக்கெதற்கு என்று பற்றிக்கொண்டு வரும்.

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு மாடியில் வகுப்பு. சின்னவள் அட்டவணையில் இருந்த எண்கள் அத்தனையையும் வரிசையாக எழுதி வைத்தாள். "என்னம்மா, வார்டு சார்ட்டா எழுதறே?" என்று வாத்தியார் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்று அழுதாள்.

நான்தான் உட்கார்த்திவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். எது பெரியது, எது சிறியது, எது ஏறுகிறது, எது இறங்குகிறது, அது போதும், மிச்சத்தை விட்டுவிடு என்று. "உனக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?" என்றார் என் கணவர். கேட்டேனா? எனக்குப் பெரிய மனசாம். அந்தப் பெரிய மனசில் மண் விழ.

இருவருக்கும் ஒரே நாள், ஒரே ஹால். வந்த அட்டவணை ஆஸ்பத்திரிக் கணக்கு. எந்த நோய்க்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை நாள் படுத்திருந்தார்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. எங்கள் வார்டில் ஒரு ரீடிங்கை எழுதாமல் விட்டால் மெமோ வரும். நோயாளிகளின் கணக்கு என்றதும் என் கை ஒரு கட்டத்தையும் விட மறுத்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் நேரம் ஓடிவிட்டிருந்தது. இரண்டு மடங்கு மதிப்பெண் உள்ள கட்டுரை பாதியில் நின்றது.

வெளியே வந்ததும், "ஈஸிதான்க்கா. நீங்க சொன்னா மாதிரியே பாதிய உட்டுட்டேன்" என்றாள் சின்னவள்.

எழுத்தில் எனக்கு அரை மதிப்பெண் குறைந்தது. அவள் பாஸாகி வெளிநாடு போய்விட்டாள், கொழுந்தனாரும் பின்னாலேயே போனார். இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள நான் வேலையை விட்டேன். மறுபடி எழுதுகிறேன் என்றால் மாமியார், "இப்ப இன்னா அவசரம்?" என்கிறார். கணவர் டிவியைப் பார்க்கிறார். நான் தோற்றது இந்த வீட்டில் எல்லாருக்கும் சௌகரியமாகப் போய்விட்டது. அதில்தான் வயிறு எரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் சின்னவள் வந்தாள். அப்போது நான் அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தேன்.

"நீங்க கீறீங்கன்ற தைரியத்துலதான்க்கா, இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்து போட்டுட்டேன்."

மனசாரத்தான் சொன்னாள். போடலாமா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பக்கத்தில் மாமியாருக்கு வாயெல்லாம் பல்.

"வலிக்குது பெரிம்மா!" என்று குழந்தை கத்தியபோதுதான், சீப்பை எவ்வளவு அழுத்தியிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது.