அந்தக் கோடரி நானாவின் பிழையல்ல

வெள்ளிக்கிழமை காலை கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றபோது போன் வந்தது. நஸார் நானாவின் மகள். "அங்கிள், வாப்பா மௌத்தாகிட்டார். அஸர் தொழுகைக்குப் பிறகு மையத்தை எடுக்கிறம்." நான் புறப்பட்டிருந்ததும் அவரிடம்தான். தெமட்டகொடை இரும்புப் பட்டறையில் பதினெட்டு வருடமாக நாங்கள் இருவரும் கூட்டு; எனக்கு அவர் நானா, மூத்த அண்ணன் மாதிரி. வேலைக்கென்று ஏற வேண்டிய பஸ்ஸில் ஏறி மையத்து வீட்டில், அவர் உடலருகே போய் நின்றேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். யாரோ சொன்னார்: "நானாட கை ஒரே ஒருதரம்தான் பிழைச்சது. அந்தக் கோடரி." எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். என்னைப்போல ஒரு கோழை உண்டா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கோடரியின் வாயில் உருக்கை வைத்து, உலையில் காய்ச்சி, அடித்து ஒட்டுவது எங்கள் வேலை. காயும்போது இரும்பில் கரும்பொருக்கு படியும். வெங்காரப் பொடி தூவினால்தான் அது இளகி ஓடும். தூவாவிட்டால் வெளியே ஒட்டியதுபோல் காட்டும், உள்ளே ஒட்டியிராது. சுத்தியல் நானாவுக்கு, உலையும் வெங்காரமும் எனக்கு. அவர் கண்ணில் வெள்ளை படரத் தொடங்கியிருந்தது. அதனால் ஒவ்வொரு தரமும் கேட்பார்: "வெங்காரம் போட்டாச்சா, தாஸ்?"

கேஸ் இல்லாமல் ஊரே விறகுக்கு அலைந்த காலத்தில் கோடரிக்கு நல்ல கிராக்கி. கடைகளில் வெங்காரம் கிடைக்காத ஒரு நாள், நானா கரம் விளையாடும் கிளப்பிலிருந்து போட்டில் தூவும் பவுடரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். "இதுவும் வெங்காரத்துட தம்பிதான். பயப்படாம போடு." ஒட்டியதே! கிளப்காரர்கள் ஏசாத ஏச்சில்லை. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அதே நாட்களில் ஒரு மத்தியானம், பிந்தி வந்ததற்காக ஆட்கள் முன்னால் என்னை ஏசிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த கோடரிக்கு "போட்டாச்சா?" என்று கேட்டபோது, டின்னைத் தொடாமலே "ஓம், ஓம், போட்டாச்சு" என்று வெடுக்கென்று சொன்னேன். நம்பி அடித்தார்.

பத்து நாளில் விறகுக்கடையில் அந்த உருக்குக் கழன்று பறந்து, வெட்டிக்கொண்டிருந்தவரின் காலைக் கிழித்தது. கடைக்காரர் துண்டோடு வந்தார். நானா அதை வெயிலில் பிடித்து உட்பக்கத்தைத் தடவினார். விரலெல்லாம் கருப்பு. வெங்காரம் கண்ட இரும்பு அப்படி இராது, அவருக்குத் தெரியாததா? என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு கடைக்காரரிடம் திரும்பி, "சூடு பத்தல்ல. என்ட பிழை" என்றார். நான் உலையை ஊதத் திரும்பிக்கொண்டேன். காயம் ஆறும்வரை ஒவ்வொரு வெள்ளியும் ஜும்மா தொழுகைக்குப் பிறகு சோற்றுப் பார்சலோடு அந்த மனுஷனைப் பார்க்கப் போனவரும் அவர்தான்.

மறுநாள் வெங்கார டின்னை அவரே எடுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. "போட்டாச்சா, தாஸ்?" என்றார். "ஓம், நானா" என்றேன். குனிந்துகூடப் பார்க்காமல் அடித்தார். கடைசி நாள்வரை அப்படித்தான். பாவி எனக்கு அதுதான் தாங்கவில்லை.

டின் இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. விறகுக்கடையில் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் சொல்லிவிட்டேன். நேற்று உலை மூட்டினேன். இரும்பு காய்ந்ததும், அவர் கேட்கட்டும் என்று பழக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். இரும்பு எரிந்தே போனது.

அன்றைக்கு நான் போடல்ல, நானா.