கமலம்மா எடுத்துக் கொடுத்த வெள்ளை உடை

சனிக்கிழமை காலை கமலம்மாவின் தங்கை மகன் என் கடைக்கு வந்தான். அவலூர்பேட்டை பஸ் லேட்டு, ரேஷனில் சர்க்கரை இல்லை என்று என்னென்னவோ பேசினான். "வந்த விஷயத்தச் சொல்லுடா" என்று எரிந்து விழுந்தேன். "பெரியம்மா நம்மள விட்டுப் பூட்டாங்க மாமா" என்றான். அப்போதிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. இதையும் நின்றுகொண்டேதான் எழுதுகிறேன்.

செஞ்சிக் கடைத்தெருவில் ரவிக்கை தைத்த கமலம்மாவை உங்களுக்குத் தெரியும். புதுச்சேரிக் கடற்கரை ஓட்டலில் துரைசானிகளின் உடைகளுக்கு இஸ்திரி போட்ட கமலம்மாவை எனக்குத்தான் தெரியும். நான் அங்கே கணக்கெழுதும் ரைட்டர். யுத்தத்துக்கு முன்பு அந்தச் சீமாட்டிகள் காப்பிக்கு ஒன்று, கடற்கரை உலாவுக்கு ஒன்று, விருந்துக்கு ஒன்று, நடனத்துக்கு ஒன்று என்று நாளைக்கு நான்கு உடை மாற்றுவார்கள். "இவங்களுக்கு வேர்க்கறதுக்கே நேரமில்ல ரைட்டரே" என்பார் கமலம்மா. யுத்தம் வந்ததும் கடல் பக்கத்து ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டினோம். சனிக்கிழமை நடனம் மட்டும் நிற்கவில்லை.

அப்படி ஒரு சனிக்கிழமை பிற்பகல் தந்தி வந்தது. ஓட்டலில் தங்கியிருந்த இளம் துரைசானி ஒருவரின் கணவர் போர்முனையில் இறந்துவிட்டார். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். "நடனம் கெட்டுப்போகும், நாளைக்குக் கொடுக்கலாம்" என்று மேனேஜர் அதை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்றார். கமலம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டேன்.

துரைசானி அன்று சிவப்பு உடை கேட்டிருந்தார். கமலம்மா வெள்ளை உடையை எடுத்துக்கொண்டு போனார். வாயால் சொன்னால் என் வேலை போகும். புருஷனை இழந்தவளுக்கு வெள்ளைதானே, பார்த்ததும் புரிந்துகொள்வார் என்று நினைத்துவிட்டார். அந்த அம்மாள் புதுச்சேரியிலேயே பிறந்து நம் தமிழ் பேசியவர். உடையைப் பார்த்ததும் கமலம்மாவைக் கட்டிக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கு நான் வெள்ளதான் போட்டிருந்தேன் கமலா. அவர் வந்துடுவாருன்னு சொல்றியா?" என்று சிரித்தார். அதையே உடுத்திக்கொண்டு கடைசிப் பாட்டுவரை ஆடினார்.

மறுநாள் விடிந்ததும் கமலம்மாவே போய்ச் சொல்லிவிட்டார். "நேத்தே தெரியுமா?" என்று அந்த அம்மாள் கேட்டாராம். "தெரியும்" என்றாராம். உனக்கு யார் சொன்னது என்று மேனேஜர் குடைந்தும் வாய் திறக்கவில்லை. மதியத்துக்குள் வேலை போயிற்று. "வாயால சொல்ல வேண்டியத துணியால சொன்னேன் பாரு, எனக்கு நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு செஞ்சிக்கு பஸ் ஏறினார்.

துரைசானியின் உடையைத் திருடிப் பிடிபட்டு வேலை இழந்தவள் என்று நம் ஊர் பேசியது. யுத்தம் முடிந்து நான் இங்கே கடை வைத்தபோது, என் கடை வாசலிலேயே அந்தப் பேச்சு நடந்தது. நான் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அவரிடம், "உண்மைய நான் சொல்லிடட்டுமா?" என்றேன். "வாணாம். உங்க ரெண்டு பேருக்கும் இன்னா ரகசியம்னு கேப்பாங்க. உங்க பொண்ணுங்க கல்யாணம் முடியட்டும்" என்றார். முடிந்து எட்டு வருஷம் ஆகிறது.

கமலம்மா எதையும் திருடவில்லை. தந்தியை வாங்கியவன் நான், அவரிடம் சொன்னவன் நான், ஊர் பேசியபோது கேட்டுக்கொண்டு நின்றவனும் நான். அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லாத என் பெயர்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை இந்தத் தாளின் அடியில் எழுதி, என் கடை வாசலில் ஒட்டப்போகிறேன்.